முறுக்கு டின்னில் ஒரு டேப்

செஞ்சிக்கோட்டையைக் கட்டியவர்கள்கூட அது எத்தனை காலம் நிற்கும் என்று எங்கள் டேப்பு சார் அளவுக்குக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். இத்தனைக்கும் அவர் காவல் காத்தது பள்ளிக்கூட மார்க்கையும் அட்டெண்டன்ஸையும்தான்.

நான் வேலை பார்க்கும் தனியார் பள்ளி ஆபீசில் கம்ப்யூட்டர் அவர் பொறுப்பு. எல்லா விவரத்தையும் உள்ளங்கை அளவு டேப்பில் நகல் எடுப்பார். ஆபீஸ் பீரோவில் ஒன்று, அவர் வீட்டில் ஒன்று, பக்கத்து ஊர் அனந்தபுரத்தில் தங்கச்சி வீட்டு முறுக்கு டின்னில் ஒன்று. பழைய டேப்பை அழித்து அதன்மேலேயே புதிதாக எழுதுவதும் அவர்தான்.

"ஒரே எடத்துல வெச்சா ஒரே நெருப்புல பூடும் தம்பி. டேப்பு நம்ம ரெண்டு பேரையும் விட நாள் தாங்கும்."

டேப்மேல் ஒட்டும் சீட்டில் தேதி மட்டும் எழுத மாட்டார். 'ஏரி ரொம்பிச்சு', 'ஆபீசுல பாம்பு' என்றுதான் எழுதுவார். எனக்குத் தலை சுற்றும்.

"தேதி போட்டா என்னா சார்?"

"தேதி யாருக்கு ஞாபகம் இருக்குது? பாம்பு வந்தது மறக்குமா?"

"பாம்பு எந்த வருஷம் வந்துச்சு?"

"அதான் டேப்புல இருக்குதே."

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது இடி விழுந்து பழைய கம்ப்யூட்டர் செத்தது. அடுத்த வாரமே ஸ்டெல்லா வந்து நின்றாள். எங்கள் பழைய மாணவி. டி.சி. தொலைந்துவிட்டதாம். திங்கட்கிழமைக்குள் நகல் தராவிட்டால் நர்சிங் சீட் போய்விடும் என்று அழுதாள். 'ஏரி', 'பாம்பு' எல்லாவற்றையும் புதுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். அவள் படித்த வருடம் எதிலும் இல்லை. எல்லாவற்றையும் சாரே அழித்து எழுதியிருந்தார்.

"அனந்தபுரத்து டேப்பு?" என்றேன். சார் முகம் சுருங்கியது.

விஷயம் இதுதான். முறுக்கு டின்மேல் தங்கச்சி வீட்டுக்கார மச்சான் ஸ்பீக்கர் பாக்ஸை வைத்திருந்தார். காந்தம் டேப்பைக் கெடுத்துவிடும் என்று சார் பொங்கல் விருந்தில் கத்த, "முறுக்கு டின்ல முறுக்கு வைங்கய்யா" என்று மச்சான் எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து சில வருடங்களாகப் பேச்சில்லை. எடுத்து வந்து அழிக்க ஆளில்லாமல் அந்த டேப் அங்கேயே கிடந்தது.

சார் ஸ்டெல்லாவை ஒருமுறை பார்த்தார். "வண்டிய எடு தம்பி" என்றார்.

மச்சான் வாசலிலேயே நின்றார். "இன்னா மச்சான், முறுக்கு சாப்ட வந்தியா?"

"ஒரு பொண்ணோட படிப்பு மச்சான். அந்த டின்னு வேணும்" என்றார் சார்.

மச்சான் உள்ளே போய் டின்னைக் கொண்டுவந்து கொடுத்தார். ஸ்பீக்கர் பாக்ஸ் மழையில் நனைந்து மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. எப்போதோ தூக்கிப் போட்டிருக்கிறார்.

டேப் ஓடியது. ஸ்டெல்லாவுக்கு டி.சி. கிடைத்தது. மச்சான்கள் இருவரும் அன்று சேர்ந்து சாப்பிட்டார்கள்.

போன வருடம் சார் ஓய்வு பெற்றார். இப்போது டேப் எடுப்பது நான். அந்த முறுக்கு டின்னும் என்னிடம்தான் இருக்கிறது. அவர் போன அன்று எடுத்ததில் 'சார் ரிட்டையர் ஆனது' என்று எழுதினேன், தேதி போடவில்லை. அதில் அன்றைய அட்டெண்டன்ஸ் தவிர ஒன்றுமில்லை. அழித்து எழுதும் முறை வரும்போதெல்லாம் அதை எடுத்து, திரும்ப டின்னிலேயே வைத்துவிடுகிறேன்.