முப்பத்தாறு பொட்டு

தப்பு என்மேல்தான். இதை ஒத்துக்கொள்ளவே எனக்கு முப்பத்தைந்து வருஷம் ஆகியிருக்கிறது. அதற்காக முழுத் தப்பும் என்னுடையது என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் சண்டைக்குப் போவேன்.

எண்பதுகளின் கடைசி. திருச்சியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, அரியலூரிலிருந்து தினமும் பஸ் ஏறிப் பெரம்பலூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை. அதன் ஓனர் சுப்பராயன் சார் பன்னிரண்டு டைப்ரைட்டர்களுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்து, சுற்றிலும் கண்ணாடித் தடுப்பு போட்டு, அதற்கு என்னை டீச்சர் ஆக்கியிருந்தார். எனக்கு இருபத்தொரு வயது. செருப்போடு வரக்கூடாது, உள்ளே தும்மக்கூடாது என்றெல்லாம் சட்டம் போட்டேன். டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த கோமதி டீச்சர் வாலிகண்டபுரத்துக்காரர், என்னைவிட நாலு வயது மூத்தவர். ஒருநாள் கண்ணாடியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார் என்று அவரையே விரட்டினேன். (ஆமாம், விரட்டினேன். எழுதும்போதே காது சுடுகிறது.)

நாலு மாதத்தில் மூன்றே பேர்தான் கம்ப்யூட்டருக்குச் சேர்ந்திருந்தார்கள். சார் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு முடிவு சொன்னார்: விஜயதசமி அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள், நல்ல நேரத்தில், புதிதாகப் பத்துப் பேர் சேரவேண்டும். இல்லையென்றால் கம்ப்யூட்டர் திரும்பிப் போய்விடும். கம்ப்யூட்டர் இல்லாத இடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் எதற்கு? எங்கள் அப்பாவோ, "வேலை போச்சுன்னா வூட்டோட இரு, அலைஞ்சது போதும்" என்று சொல்லிவிட்டார். நான் வாசல் தாண்டுவது அந்தப் பத்துப் பேர் கையில் இருந்தது.

முதல் நாள் ஆயுத பூஜை. கோமதி டீச்சர் பன்னிரண்டு டைப்ரைட்டரையும் துடைத்து, ஆளுக்கொரு பொட்டு வைத்து, பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டுப் பின்கட்டில் பொரிகடலைப் பொட்டலம் கட்டப் போய்விட்டார். சார் என்னிடம் வந்து, "கம்ப்யூட்டருக்கும் குறையில்லாம செஞ்சுடும்மா" என்றார். வெளியே டப்பாவில் ஒரு பொட்டு வைத்தால் டைப்ரைட்டருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தேன். உள்ளே மெமரி சிப்புகள், வரிசைக்கு ஒன்பதாக நாலு வரிசை. அதுதான் உயிர் என்று திருச்சியில் சொல்லித்தந்திருந்தார்கள். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை முப்பத்தாறுக்கும் தனித்தனியாக வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தேன். ஒன்றைக்கூட விடவில்லை. விட்டால் அது கோபித்துக்கொள்ளும் என்று நினைத்திருப்பேன் போலிருக்கிறது. பூஜை போட்டதை மறுநாள் வரை தொடக்கூடாது என்பதால், மூடியை மாட்டிவிட்டு அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

விஜயதசமி காலையில் கூடம் நிறைய ஆட்கள். திருமானூரிலிருந்துகூடப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பஸ் பிடித்து வந்திருந்தார்கள். சார் கற்பூரம் காட்டினார், நான் சுவிட்சைப் போட்டேன். மூன்று தடவை கீச் கீச்சென்று கத்திவிட்டு நின்றது. திரை இருட்டாகவே இருந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன், மறுபடியும் அதே மூன்று கீச்சு.

இப்படிக் கத்தினால் மெமரியில் கோளாறு என்று எனக்குத் தெரியும். தெரிந்தவள் திறந்து பார்த்திருக்க வேண்டாமா? நான் குற்றவாளியைத் தேடக் கிளம்பினேன். முதலில் கரண்ட்டைத் திட்டினேன், அப்புறம் ரோட்டுப் புழுதியை. திருச்சிக்கு டிரங்க் கால் போட்டால், கம்ப்யூட்டர் விற்ற கம்பெனி ஆள், "உள்ள ஏதாச்சும் ஊத்துனீங்களா?" என்று கேட்கிறார். படித்த பெண்ணைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? "இங்க என்ன குழம்பா வைக்கிறோம்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். அதே வேகத்தில் நேராகக் கோமதி டீச்சர் முன்னால் போய் நின்றேன். ராத்திரி சாவி அவரிடம்தான் இருந்தது.

"நான் போனப்புறம் நீங்கதான் உள்ள கை வச்சிருக்கீங்க" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "தொறந்து காட்டு, பாப்போம்" என்றார்.

வீராப்பாகத் திறந்தேன். முப்பத்தாறு பொட்டும் பளிச்சென்று இருந்தன. சந்தனம் வழிந்து, சிப்புகளின் மெல்லிய கால்களுக்கு நடுவே இறங்கி, அடியில் ஈரம் காயாமல் கிடந்தது. கூட்டத்திலிருந்த ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. "நீங்கதானே சார் குறையில்லாம செய்யச் சொன்னீங்க" என்றேன். சார் வாட்சைப் பார்த்தார். மணி பத்தாகியிருந்தது.

கோமதி டீச்சர் டைப்ரைட்டர் எழுத்துகளில் ஒட்டும் மையைத் தேய்த்து எடுக்கிற பிரஷ்ஷையும் ஸ்பிரிட் பாட்டிலையும் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஒவ்வொரு சிப்பாக நெம்பி எடுத்துக் கொடுக்க, அவர் ஒவ்வொரு காலாகத் தேய்த்துத் துடைத்து விசிறிக் காயவைத்தார். திருப்பி மாட்டும்போது எல்லாம் ஒரே பக்கம் பார்க்கிறதா என்று அவரேதான் சரிபார்த்தார். முடிக்கும்போது மணி பதினொன்றரை. வந்தவர்களில் பாதிப் பேர் டைப்ரைட்டிங்கில் சேர்ந்துவிட்டிருந்தார்கள். சுவிட்சைப் போட்டேன். ஒரே ஒரு கீச்சு. திரையில் எண்கள் ஏறி ஏறி அறுநூற்று நாற்பதில் நின்றன; மெமரி முழுசும் பிழைத்துவிட்டது.

மிச்சமிருந்தவர்கள் வரிசையில் வந்து சேர்ந்தார்கள். எண்ணினால் ஒன்பது பேர். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. பின்னால் டைப்ரைட்டர் சத்தம் கேட்டது. கோமதி டீச்சர் விண்ணப்பத்தை உருவி எடுத்து சார் மேஜையில் வைத்தார்.

"பத்தாவது ஆள் நான் சார்."

வேலை நிலைத்தது. ஒரு வாரம் கழித்து, பஸ் ஸ்டாண்டில் அவர் முகத்தைப் பார்க்காமல் மன்னிப்புக் கேட்டேன். "பஸ் வந்துடுச்சு, ஏறு" என்றார். ஆனால் வகுப்பின் முதல் நாள் முன்வரிசையில் உட்கார்ந்து கையைத் தூக்கினார். "டீச்சர், மொதல்ல சுவிட்ச் போடணுங்களா, பொட்டு வைக்கணுங்களா?"

மூன்று வருஷத்தில் அவர் தம்பியையே நான் கட்டிக்கொண்டேன், அவர் எனக்கு நாத்தனார் ஆனார், அந்தக் கேள்வி குடும்பச் சொத்தாகிவிட்டது. கிரைண்டர் வந்தபோது கேட்டார்கள், வாஷிங் மெஷின் வந்தபோது கேட்டார்கள். போன வாரம், கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத என் மருமகள், புது லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு அதையே கேட்கிறாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. அடுப்பங்கரையிலிருந்து நாத்தனார் சிரிக்கிற சத்தம் கூடம் வரைக்கும் வந்தது.