கரடி அண்ணாச்சியின் வெல்ல வாசம்

திருவனந்தபுரத்தில் தினமும் கரடியைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே மனிதர் கரடி அண்ணாச்சிதான். அவர் இருந்ததோ காட்டோரத்தில் அல்ல. ஆரியசாலையில், லாரியும் ஆட்டோவும் முட்டிக்கொள்ளும் சந்தில் வெல்ல மண்டி வைத்திருந்தார். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

பக்கத்துக் கடையில் கணக்கு எழுதிய எனக்கும் என் நண்பன் மணிக்கும் மலையேறும் பைத்தியம் உண்டு. வருடாவருடம் அண்ணாச்சியும் கூடவே கிளம்பிவிடுவார்.

"பொறந்ததுலேர்ந்து வெல்லத்துல கெடக்கேன். கரடிக்கு இனிப்புன்னா உசிரு. காட்டுல எறங்கினா நேரே எங்கிட்டதான் வரும், கேட்டியளா?"

"அப்ப எதுக்கு அண்ணாச்சி வாறீங்க?"

"நான் வரல்லேன்னா உங்க ரெண்டு பேருக்கும் ஆரு வே புத்தி சொல்லுவா?"

புறப்படும் முன் மூன்று முறை சோப்புப் போட்டுக் குளிப்பார். பிறகு புறங்கையை என் மூக்கருகே நீட்டுவார். "மோந்து பாரும் வே. வெல்லம் தெரியுதா?" தெரியவில்லை என்றால் நம்பமாட்டார். தெரிகிறது என்றால் நான்காவது குளியல்.

காட்டுக்குள் அவர் வைத்ததுதான் சட்டம். கரடி திடுக்கிட்டால்தான் ஆபத்து என்று வளைவுக்கு வளைவு கைதட்டி, "நாங்க வாறோம்!" என்று சம்பந்தி வீட்டுக்குப் போகிறவர்போல் அறிவிப்பார். பறவை பார்க்க வந்தவர்கள் எங்களைச் சபித்தார்கள். மணி ஒளித்துவைத்த நேந்திரங்காய் சிப்ஸ் உட்படச் சாப்பாடு முழுவதையும் தகர டப்பாவில் அடைத்து, கூடாரத்திலிருந்து வெகுதூரம் கொண்டுபோய் மரத்தில் உயரக் கட்டிவிடுவார். பசித்தால் ஒரு மலையேற்றம் தனி.

ஒருமுறை அகத்தியர் மலைப் பாதையில், ஓடை இரைச்சலில் அவர் கைதட்டல் எடுபடவில்லை. வளைவு திரும்பினால் கறையான் புற்றைக் கிளறிக்கொண்டு ஒரு கரடி. எங்களைக் கண்டதும் இரண்டு காலில் நிமிர்ந்தது. ஓடப் பார்த்த மணியின் சட்டையை அண்ணாச்சி எட்டிப் பிடித்தார்.

"ஓடாதே லே, தொரத்தும். முதுகு காட்டாம மெள்ளப் பின்னால போங்க."

"நீங்க?"

"அது என்னைத் தேடியாக்கும் வந்திருக்கு. நான் நிக்கேன்."

எங்கள் இருவரையும் பின்னால் தள்ளிவிட்டுப் பாதையை அடைத்து நின்றார். "செரி, செரி... நீ தின்னு. நாங்க போறோம்" என்று கைக்குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினார். கரடி மூக்கைத் தூக்கி மோந்தது. பிறகு அது அலுத்துக்கொண்டு புதருக்குள் போய்விட்டது.

அண்ணாச்சி பின்னோக்கியே நடந்து எங்களிடம் வந்து, பொத்தென்று பாறையில் உட்கார்ந்தார்.

"பாத்தியளா? சோப்பு வேலை செஞ்சிருக்கு."

மணி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கரடி தன்னைத்தான் தேடி வந்திருக்கிறது என்று முழுமனதாக நம்பிய பிறகும் அந்த மனிதர் அங்கே நின்றார்.