பாதி மார்க் வாங்கிய பிராசசர்

ஒரு குடும்பத்தில் இன்னாருக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று முடிவாகிவிட்டால், அதற்கப்புறம் அந்த ஆளால் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லவே முடியாது. வீட்டார் விட மாட்டார்கள். அதைவிட முக்கியம், அந்த ஆளுக்கே வாய் வராது.

எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். கல்யாணமாகி உழவர்கரை வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே டி.வி. ரிமோட்டைச் சரிசெய்து (பேட்டரியைத் திருப்பிப் போட்டேன், அவ்வளவுதான்) பெயர் வாங்கிவிட்டேன். "எம் மருமவ கையில எடுத்தா போதும், மிஷினு தானா பேசும்" என்று என் மாமியார் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நானும் மறுக்கவில்லை. உண்மையை எதற்கு மறுப்பானேன் என்பதுதான் அப்போது என் எண்ணம்.

என் தொழில், கட்டடங்களை கம்ப்யூட்டரில் கட்டிக் காட்டுவது. வரைபடத்தைக் கொடுத்தால், வீடு எழும்பிய பிறகு வாசல் வழியாக உள்ளே நடந்து போனால் எப்படி இருக்குமோ, அப்படியே திரையில் நடத்திக் காட்டுவேன். அதற்காகவே ஒரு பெரிய லேப்டாப் வைத்திருந்தேன். என் கணவர் சங்கர் தட்டாஞ்சாவடியில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு சூப்பர்வைசர். அவரிடமும் என்னுடைய அதே பிராண்ட் லேப்டாப்தான், ஆனால் சின்னது. கணக்கெழுதவும் மெயில் பார்க்கவும் மட்டும் ஆகும்.

அந்தச் சமயத்தில்தான் முசே லூயி எனக்கு வேலை கொடுத்தார். புதுச்சேரியில் பெரியவர்களை 'முசே' என்று அழைக்கும் வழக்கம் இன்னும் சில தெருக்களில் இருக்கிறது. லூயி பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே, கூரை பாதி இறங்கிய பூர்வீக வீடு ஒன்று அவருக்கு இருந்தது. பிரான்சிலிருந்து வந்திருந்த மகள் மரி அதை விற்றுவிடலாம் என்றாள். விற்கக் கூடாது, சரிசெய்து விருந்தினர் விடுதி ஆக்கலாம் என்பது இவர் பிடிவாதம்.

"வாயால சொன்னா அவளுக்குப் புரியலம்மா. வூடு எப்படி வரும்னு நீதான் கண்ணால காட்டணும். அவ ஊருக்குக் கெளம்பறதுக்குள்ள" என்றார்.

"நீங்க கவலையே படாதீங்க முசே. பாத்துட்டு மரி அக்கா இங்கயே தங்கிடுவாங்க" என்றேன். (கேட்டிருந்தால் கூரையையும் நானே போட்டுத் தருவதாகச் சொல்லியிருப்பேன்.)

வேலை முக்கால்வாசி முடிந்த நிலையில், ஒரு காலைப்பொழுதில் லேப்டாப்பில் ஓர் அறிவிப்பு வந்தது. புதிய ஆப்பரேட்டிங் சிஸ்டம் தயார், மாற்றிக்கொள்ளலாமா என்று. முக்கியமான வேலை கையில் இருக்கும்போது அதைத் தொடக்கூடாது என்று நானே பலருக்கு அறிவுரை சொல்லியிருக்கிறேன். அந்த அறிவுரை மற்றவர்களுக்கு. நான் 'சரி' என்று அழுத்தினேன்.

மாறி முடிந்து மறுபடி எழும்பியபோது திரையில் நாலைந்து பெட்டிகள் வரிசையாக வந்தன. வரவேற்கிறோம் என்றது ஒன்று. ஏதோ மின்சாரம், அடாப்டர் என்றது இன்னொன்று. எதையும் முழுதாகப் படிக்காமல், 'இதை மறுபடி காட்டாதே' என்ற கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டே போனேன். புது சிஸ்டம் வந்தால் இப்படித்தான் தொணதொணக்கும், நமக்குத் தெரியாததா!

பிறகு முசே வீட்டைத் திறந்தேன். வாசல் கதவு திறக்கவே யோசித்தது. முற்றத்தைத் தாண்டுவதற்குள் எனக்குக் கொட்டாவி வந்தது.

உடனே பெஞ்ச்மார்க் போட்டுப் பார்த்தேன். பெஞ்ச்மார்க் என்பது கம்ப்யூட்டரின் மூளையான பிராசசருக்கு வைக்கும் பரீட்சை. கடினமான கணக்குகளைக் கொடுத்து, எவ்வளவு வேகமாகப் போடுகிறது என்று பார்த்து மார்க் போடும் ஒரு மென்பொருள். என் பிராசசர் எப்போதும் வகுப்பில் முதல் பெஞ்ச். அன்றைக்குப் பழைய மார்க்கில் பாதிகூட வாங்கவில்லை.

"புது சிஸ்டம்தான் காரணம்" என்று ராத்திரிச் சாப்பாட்டில் அறிவித்தேன். "இண்டர்நெட்ல நெறைய பேருக்கு இதே பிரச்சினையாம்."

"எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லப்பா. என் லேப்டாப்பு இப்பல்லாம் சட்டுனு சார்ஜ் ஆயிடுது. கம்பெனில வயரிங் மாத்திட்டாங்க போலருக்கு" என்றார் சங்கர். தொழில் தெரியாதவர் பேச்சு என்று நான் காதில் வாங்கவில்லை.

அடுத்து நான் செய்த வைத்தியங்களைக் கேட்டால் அந்த லேப்டாப் மேல் உங்களுக்கு இரக்கம் வரும். ஆன்டிவைரஸை நீக்கினேன். பின்னணியில் ஓடும் அத்தனை நிரல்களையும் நிறுத்தினேன். மின்சார அமைப்பை 'முழு வேகம்' என்று வைத்தேன். டிரைவர் மென்பொருள்களை எடுத்துப் போட்டேன், போட்டு எடுத்தேன். மூடியைக் கழற்றி விசிறியில் தூசி துடைத்தேன். (கடைசியில் ஒரு திருகாணி மிச்சம் இருந்தது. இன்றுவரை அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது.) மார்க் அசையவில்லை.

அப்புறம் துணிந்து புது சிஸ்டத்தையே கழற்றிவிட்டு, பழையதையே திரும்ப ஏற்றினேன். பரீட்சை வைத்தேன். அதே பாதி மார்க்.

புத்தியுள்ள எவரும் இந்த இடத்தில், 'அப்படியானால் சிஸ்டம் மேல் குற்றமில்லை' என்று முடிவு செய்திருப்பார்கள். நான் செய்த முடிவு வேறு. புது சிஸ்டம் போகிற போக்கில் பிராசசருக்குக் காயம் உண்டாக்கிவிட்டுப் போயிருக்கிறது!

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண், "சார்ஜர் கொண்டாந்தீங்களா மேடம்?" என்று கேட்டாள்.

"சார்ஜர்ல ஒண்ணுமில்லம்மா. போயிருக்கறது பிராசசர். வேற குடுங்க" என்றேன், காத்திருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி.

அவள் தன்னிடமிருந்த சார்ஜரைச் செருகி, பெஞ்ச்மார்க் போட்டாள். முழு மார்க். மறுபடி போட்டாள். மறுபடியும் முழு மார்க். காத்திருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையில், வீட்டில் காய்ச்சலென்று சொல்லிப் பிள்ளையை டாக்டரிடம் தூக்கி வந்த தாய்போல் ஆனேன். பிள்ளையோ அங்கே குதித்து விளையாடுகிறது.

வீட்டுக்கு வந்து போட்டேன். பாதி.

அவ்வளவுதான், எனக்கு விளங்கிவிட்டது. சர்வீஸ் சென்டரில் ஓடுகிறது, வீட்டில் ஓடவில்லை. கோளாறு லேப்டாப்பில் இல்லை, வீட்டு கரண்டில். அரியாங்குப்பத்திலிருந்து ஒயர்மேன் அண்ணனை வரவழைத்தேன். அவர் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார். பிளக் பாயிண்ட்டுகளில் மீட்டர் வைத்துப் பார்த்தார்.

"கரண்டு நல்லாத்தான் வருதும்மா."

"வருது அண்ணே. ஆனா தரமா வரல" என்றேன். அவர் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து வீட்டில் என் சட்டம். நான் பரீட்சை வைக்கும்போது மிக்சி ஓடக்கூடாது, கிரைண்டர் கூடாது, மோட்டார் கூடாது. எல்லாவற்றையும்விட, அதிகம் கரண்டை உறிஞ்சும் ஃபிரிட்ஜ் கூடவே கூடாது. அத்தை அம்மியில் தேங்காய் அரைத்தார். மருமகள் மேல் அவ்வளவு நம்பிக்கை. ஒரு சனிக்கிழமை ஃபிரிட்ஜ் பிளக்கை நானே பிடுங்கினேன். திரும்பச் செருகத்தான் மறந்துபோனேன்.

என் மாமியாருக்குப் பிறந்த வீடு வீராம்பட்டினம். கடலை நம்பி வாழும் குடும்பம். மறுநாள் விருந்துக்கென்று அவர் தம்பி விடியற்காலையில் கரையிலேயே பார்த்து எடுத்த முழு வஞ்சிரம் ஒன்று, துண்டு போட்டு, அந்த ஃபிரிட்ஜுக்குள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை கதவைத் திறந்தார். நான் எழுதிப் புரியவைக்க முடியாத ஒரு வாசனை வீடெங்கும் பரவியது. அத்தை என்னைத் திட்டவில்லை. கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார். திட்டியிருக்கலாம்.

விருந்துக்கு வருவதாக இருந்தவர்கள் முசே லூயியும் மரியும்தான். சாப்பிட்டுவிட்டு வீட்டைத் திரையில் பார்ப்பதாக ஏற்பாடு. அதற்கு இரண்டு நாளில் மரிக்கு விமானம். அத்தை அவசரமாக முட்டைக் குழம்பு வைத்தார். எல்லாரும் சாப்பிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். நான் லேப்டாப்பை டி.வி.யில் இணைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன்.

வாசல் கதவு திறந்தது... திறந்தது... திறந்துகொண்டே இருந்தது.

"படமா இது, வீடியோவா?" என்று மரி மெல்லக் கேட்டாள்.

"வீடியோதான் அக்கா. பழைய வீடு இல்லையா, அந்த கம்பீரம் தெரியணும்னு நிதானமா வெச்சிருக்கேன்" என்றேன். முற்றத்தில் படம் ஒரேயடியாக நின்றுவிட்டது. மரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். முசேயின் முகம் வாடியது. அந்த முகத்தைப் பார்த்ததும் இத்தனை நாள் என்னிடமிருந்த வீராப்பு எல்லாம் கரைந்தது. அந்த வீடு போனால் என்னால்தான் போகும்.

"எதுக்கும் என் லேப்டாப்புல போட்டுப் பாக்கலாமா?" என்று சங்கர் எழுந்தார். தன் பையைத் திறந்து, லேப்டாப்பையும் சார்ஜரையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

அவர் வைத்த சார்ஜர் செங்கல் கனம் இருந்தது. அதன் முதுகில், என் கல்யாணத்துக்கு முந்தைய நாள் நான் சிந்திய சிவப்பு நெயில் பாலிஷ் கறை.

அது என் சார்ஜர்.

மேசைக்கடியில் குனிந்து பார்த்தேன். இத்தனை நாள் வைத்தியத்தில் நான் செய்யாமல் விட்ட ஒரே வேலை அந்தக் குனிதல்தான். அங்கே என் லேப்டாப்புக்குக் கரண்டு கொடுத்துக்கொண்டிருந்தது, சோப்புக் கட்டி அளவில் அவருடைய சார்ஜர். நான் சிஸ்டத்தை மாற்றிய அன்று காலை, அவசரத்தில் அவர் மாற்றி எடுத்துப் போயிருக்கிறார். சின்ன சார்ஜர் போட்டால் பெரிய லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதைத்தான் அன்றைக்கே எனக்குத் திரையில் சொல்லியிருக்கிறது. நான்தான் மறுபடி காட்டாதே என்று வாயை அடைத்துவிட்டேன்.

உண்மையை ஒப்புக்கொள்ள அது நல்ல தருணம். ஆனால் நான் என்ன செய்தேன் என்றால், செங்கல்லை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மேசைக்கடியில் நுழைந்தேன். சத்தமில்லாமல் மாற்றிச் செருகிவிட்டு எழுந்து, "ஒரு சின்ன செட்டிங்தான். இப்ப பாருங்க" என்று புன்னகைத்தேன்.

"ஏய் சுகந்தி, அது என் சார்ஜராச்சே! எதுக்கு மாத்தற?" என்றார் சங்கர், கூடம் முழுக்கக் கேட்கும்படி. பிறகு மேசைக்கடியில் எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இல்ல... அது உன்னுதா? அப்ப இத்தினி நாளா..."

அத்தைதான் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அந்த மீனு?"



முதலில் சிரித்தது மரிதான். அப்புறம் முசே, அப்புறம் சங்கர். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார், சிரிப்பா அழுகையா தெரியவில்லை. நான் எழுந்த அதே இடத்தில் நின்று, வீட்டை மறுபடி ஓடவிட்டேன். கதவு பளிச்சென்று திறந்தது. முற்றம், தூண்கள், மாடிப்படி எல்லாம் பறந்தன.

முசே லூயி சோபாவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "தூஸ்மான், தூஸ்மான்! மெதுவாம்மா! தல சுத்துது. மொதல்ல ஒண்ணு போட்டியே, அதையே போடு. என் முட்டிக்கு நான் அந்த வேகத்துலதான் மாடி ஏறுவேன்."

மரி சிரிப்பை நிறுத்தி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "மாடி ஏறுவீங்களா? நீங்களே அங்க இருந்து நடத்தப் போறீங்களா?"

"பின்ன? இன்னொருத்தன் நடத்தறதுக்கா இவ்ளோ பாடு?"

அவள் அப்பாவுக்காகவே வேகத்தைக் குறைத்து மறுபடி ஓட்டச் சொன்னாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பிரெஞ்சும் தமிழுமாக எந்த அறையில் யார் படுத்தார்கள் என்று பேசிக்கொண்டே முழுவதும் பார்த்தார்கள். வீடு விற்கப்படவில்லை. விடுதி இப்போது நன்றாக ஓடுகிறது. அதன் மாடிப்படியில் முசேவுக்காகக் கைப்பிடி போட்டிருக்கிறார்கள். அந்த யோசனை என்னுடையது என்று அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

வஞ்சிரம் எடுத்துத் தந்த சங்கரின் மாமாவிடம் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் இன்னும் மீன் கொண்டுவந்தால், வாசலிலேயே நின்று "இன்னிக்கு ஏதாச்சும் டெஸ்டு இருக்குதா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார். அத்தை என் சார்ஜருக்குக் குங்குமமும், மகன் சார்ஜருக்கு விபூதிப் பட்டையும் வைத்துவிட்டார். நான் இன்றும் கட்டட அதிபர்கள் கூடும் ஏசி அறைகளில் குங்குமம் வைத்த சார்ஜரைத்தான் எடுத்துச் செருகுகிறேன். யாராவது உற்றுப் பார்த்தால், ஆயுத பூஜை என்கிறேன், எந்த மாதமானாலும்.

போன மாதம், இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த என் மகள் யாழினி கணக்குப் பரீட்சையில் பாதி மார்க்கோடு வந்து நின்றாள். நான் குரலை உயர்த்தி, ஏன் இந்த மார்க், எங்கே கவனம், என்று தொடங்கினேன். அவள் அழவில்லை. பாட்டியை ஒரு பார்வை, அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி மிகுந்த நிதானத்தோடு சொன்னாள்:

"கேள்வித்தாள்லாம் ஈசிதாம்மா. சார்ஜர்தான் மாறிப்போச்சு."

அதற்குமேல் அந்த வீட்டில் யாரால் பாடம் எடுக்க முடியும்?