எம்.எஸ்சி. கேட்ட பேய்

தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள்ள விரும்பும் எல்லோருக்கும் என்னிடம் ஓர் அறிவுரை உண்டு. முதலில் வீட்டில் சொல்லிவிட்டு வளர்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்லாமல் வளர்த்தேன். விளைவு, எங்கள் ஊர் பஸ் ஸ்டாப் புளியமரத்தில் என் தலைமுடியில் ஒரு கற்றை வெகுகாலம் ஆணியில் தொங்கியது.

இரண்டாயிரத்து மூன்று. பெரம்பலூரில் பி.எஸ்சி. கணிதம் முடித்திருந்தேன். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குள் படிக்கப் போன முதல் ஆள் நான்தான். அப்பா கொத்தனார், பெரம்பலூரிலும் அரியலூரிலும் பல பள்ளிக்கூடங்களுக்குச் சுவர் எழுப்பியிருக்கிறார், எதிலும் உட்கார்ந்ததில்லை. அம்மா களையெடுக்கப் போவார். இப்படிப்பட்ட வீட்டில் கல்லூரியிலேயே முதலாவதாக வந்த பெண் எப்படி இருப்பாள்? தாங்க முடியாதபடி இருப்பாள். குழம்பில் உப்பு கூடிவிட்டால் எத்தனை சதவீதம் கூடியது என்று சொல்வேன். (அம்மா பதிலைக் கரண்டியால் சொல்வார்.)

அந்தத் திமிர் எல்லாம் அப்பா வீட்டுக்குள் நுழையும்வரைதான். அவர் கோபக்காரர் இல்லை. பேசாதவர். கோபக்காரரிடமாவது எதையாவது சொல்லித் திட்டு வாங்கிக்கொள்ளலாம். பேசாத மனிதரிடம் எங்கிருந்து தொடங்குவது? எனக்குத் திருச்சியில் எம்.எஸ்சி. ஸீட் கிடைத்திருந்தது. ஹாஸ்டலில் தங்க வேண்டும். வரும் திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் ஸீட் வேறு யாருக்காவது போய்விடும். வீட்டிலோ மாப்பிள்ளை பார்க்கலாமா என்ற பேச்சு அடுப்படிவரை வந்துவிட்டது. நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

திறப்பதற்குத்தான் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். கடைசி வருடம் எங்கள் கல்லூரிக்கு ஆளுமை வளர்ச்சி சொல்லித்தர ஒருவர் வந்திருந்தார். பெரம்பலூர் வெயிலில் கழுத்தில் டை கட்டியிருந்தார். அதற்காகவே அவர் சொன்னதை எல்லாம் நம்பினேன். "உங்கள் வாழ்க்கையை மாற்ற வேண்டுமானால் முதலில் உங்கள் மனதை மாற்றுங்கள்" என்றார். அதற்குச் சில பயிற்சிகள். சுவரில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்து, கண் இமைக்காமல் அதையே பார்க்க வேண்டும். விடியற்காலையில் கண்ணாடி முன் நின்று, "என்னை யாராலும் தடுக்க முடியாது" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அடிவயிற்றிலிருந்து வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். சோர்வாகப் பேசுகிறவர்களோடு பேச்சைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். முதல் மாணவி அல்லவா?

இப்போது இதையே அம்மாவின் பக்கமிருந்து பாருங்கள். வயசுப்பெண் ஒருத்தி. சில நாளாக யாரோடும் பேசுவதில்லை. சுவரையே வெறித்துப் பார்க்கிறாள், கண் சிமிட்டுவதில்லை. விடியும் முன் எழுந்து தலைவிரி கோலமாகக் கண்ணாடி முன் நின்று, என்னை யாராலும் தடுக்க முடியாது என்கிறாள். பிறகு சிரிக்கிறாள்.

பக்கத்து வீட்டில் இருந்த பெரியம்மா ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஏண்டி, உம் மவ சிரிக்கிற சிரிப்பு அவ சிரிப்பாவா இருக்கு?"

"அதாங்க்கா நானும் பாக்குறேன். செவுத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கா. கூப்புட்டா திரும்பல."

"காலேஜுக்குப் போற வழியில எங்கேயோ புடிச்சிருக்கு. பூசாரிய வரச்சொல்லு."

எழுந்து ஓடிப்போய் விளக்கியிருக்க வேண்டும். ஆனால் அப்போது புள்ளிப் பயிற்சியில் இருந்தேன். பாதியில் கண் எடுத்தால் பலன் போய்விடும் என்று டைக்காரர் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை நண்பகல். எங்கள் வாசலில் உடுக்கை, வேப்பிலை, விபூதித் தட்டு, பாதி ஊர். என்னை மணையில் உட்கார வைத்தார்கள். அப்பா வேலைக்குப் போகாமல் எனக்கு நேர் எதிரே கைகட்டி நின்றார். பூசாரி உடுக்கையை அடித்துவிட்டு அதட்டினார்.

"யாரு நீ?"

"அமுதா."

வேப்பிலைக் கொத்து முதுகில் இறங்கியது.

"புள்ள பேர நான் கேக்கல. நீ யாரு? எங்கேருந்து வந்த?"

"நான்தான் அமுதா! பி.எஸ்சி. மேத்ஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ்!"

"படிப்பு மொதக்கொண்டு தெரிஞ்சு வச்சிருக்கு பாருங்க" என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டு இன்னொன்று போட்டார்.

நான் விடவில்லை. இது ஆளுமை வளர்ச்சி, என் ஆழ்மனதுக்குக் கட்டளை கொடுக்கிறேன் என்று விளக்கினேன். அச்சில் வருவது போன்ற தமிழில் நான் பேசப்பேச, கூட்டம் இரண்டு அடி பின்னால் போனது. "இது நம்ம ஊருப் பேய் இல்லடி" என்றாள் ஒருத்தி. உண்மையைச் சொல்லச் சொல்ல அடிதான் விழுந்தது. அதுவும் என் பெயரைச் சொல்லும்போதுதான் பலமாக விழுந்தது.

கடைசியில் பூசாரி களைத்துப்போனார். குரலைத் தணித்துக் கேட்டார்.

"சரி. ஒனக்கு என்ன வேணும்? கேட்டு வாங்கிக்கிட்டுப் போயிரு."

உடுக்கை நின்றது. அப்பா என்னையே பார்த்தார். பிறந்ததிலிருந்து என்னிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. இப்போது ஊரே கேட்கிறது, ஆனால் என்னிடம் இல்லை. அமுதாவாகவே இருந்து அடி வாங்குவதா, வேறு ஒருத்தியாகிப் பதில் சொல்வதா? எனக்கு மானம் பெரிது. திங்கட்கிழமை அதைவிடப் பெரிதாக இருந்தது.

குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டேன்.

"எம் பேரு ராஜலட்சுமி."

கூட்டம் 'ஆ' என்றது. பூசாரி முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"திருச்சிலேருந்து வரேன். கணக்குப் படிக்க ஆசப்பட்டேன். ஹாஸ்டல்ல விடமாட்டேன்னுட்டாங்க. அந்த ஏக்கத்துலயே போயிட்டேன்."

பெரியம்மா ஓவென்று அழுதுவிட்டார். "அடப்பாவமே, படிக்க விடாமக் கொன்னுட்டாங்களேடி!" நான் நடித்த பேய்க்கு உண்மையாகவே அழுதார். அவர் பள்ளிக்கூடத்தின் பக்கமே போகாதவர் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வந்து, தொண்டை தானாகவே கரகரத்தது.

"செத்துப்போன நீ இனிமே எப்புடிப் படிப்ப?" என்றார் பூசாரி.

"இவளப் படிக்க வையி. இவ எம்.எஸ்சி. முடிச்சா நான் முடிச்ச மாதிரி. திங்கக்கெழமைக்குள்ள சேக்கணும்."

"அது என்ன திங்கக்கெழம?"

"அதுதான் கடைசி நாள்."

(பேய்க்குக் கல்லூரி அட்மிஷன் விவரம் எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை.)

"கோழி வேணாமா?"

"வேணாம்."

"சுருட்டு, சாராயம்?"

"வேணாம். ஹாஸ்டல்."

பூசாரியின் முகம் வாடியது. பின்னாலிருந்து ஒரு பெண், "சாமி, எம் மவன் பத்தாவது பாஸாவானான்னு அதுகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க" என்றாள்.

அப்போது அப்பா முன்னால் வந்தார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"அனுப்பி வைக்கிறேங்க. நீங்க மனசு நோகாம போயிட்டு வாங்க."

"யோவ், போயிட்டு வாங்கன்னு சொல்லாதய்யா! போயிருங்கன்னு சொல்லு!" என்று பூசாரி அலறினார்.

அப்பா என்னிடம் மரியாதையாகப் பேசியது அதுதான் முதல்முறை. பழக்கதோஷத்தில் "சரிப்பா" என்று சொல்ல வாயெடுத்து, நல்லவேளையாக உறுமலாக மாற்றிக்கொண்டேன்.

வேலை அதோடு முடியும் என்று நினைத்தேன். பேய் சும்மா போகாதாம். தலையில் கல்லைச் சுமந்துகொண்டு புளியமரம்வரை ஓட வேண்டும், அங்கே முடியை மரத்தில் வைத்து ஆணி அடிப்பார்கள். ஒரு கருங்கல்லைத் தூக்கித் தலையில் வைத்தார்கள். ஓடினேன். நெற்றி நிறைய விபூதி, வாயோரம் வேப்பிலை, பின்னால் உடுக்கையும் ஊரும். புளியமரம் பஸ் ஸ்டாப்பில் இருந்தது. நான் போய்ச் சேரவும் பெரம்பலூர் பஸ் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. இறங்கியது ஜீனத்.

ஜீனத் என் கூடப் படித்தவள். லப்பைக்குடிக்காட்டுக்காரி. அவள் அத்தா துபாயில் இருந்தார். அவளுக்கும் அதே எம்.எஸ்சி. ஸீட். என் அப்பாவிடம் தானே பேசிச் சம்மதம் வாங்குவதாகச் சொல்லிப் புறப்பட்டு வந்திருக்கிறாள்.

"யா அல்லாஹ்! அமுதா, என்னாடி இது கோலம்?"

பஸ் முழுக்க ஜன்னல் வழியாகப் பார்த்தது. கண்டக்டர் விசில் ஊத மறந்துவிட்டார். நான் கல்லுக்கு அடியிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"வாய மூடுடி. ஹாஸ்டலுக்கு உட்டுட்டாங்க."

பூசாரிக்குப் பாம்புக் காது. "இன்னும் பேசுது! முழுசா போகல!" என்று சொல்லி, கல்லை இறக்கிவிட்டு, ஆணி அடிக்கப் பிடித்திருந்த சிறு கற்றையை விட்டுவிட்டு, உச்சியில் கொத்தாகப் பிடித்து அறுத்தார். தோழியைப் பார்த்து வாயைத் திறந்ததற்கான அபராதம் அது. எம்.எஸ்சி. முதல் பருவம் முழுக்கத் தலையில் பூவைச் சரித்து வைத்து அந்த வழுக்கையை மறைத்தேன். ஹாஸ்டலில் கேட்டவர்களிடம் டைஃபாய்டு என்றேன். ஜீனத் பின்னால் நின்று தலையை மட்டும் ஆட்டுவாள்.

திங்கட்கிழமை அப்பாதான் கொண்டுபோய் விட்டார். பஸ்ஸில் வழக்கம்போல் பேசவில்லை. பாடாலூர் தாண்டியபோது, வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்த ராஜலட்சுமி அவங்கப்பங்கிட்ட நேரா ஒரு தடவ கேட்டுப் பாத்திருக்கலாம்."

"பயந்திருக்கும்ப்பா."

"அவன் என்ன, கடிச்சா தின்னுருவான்?"

அதன்பிறகு வீட்டில் நான் எதை அழுத்திக் கேட்டாலும் ஒரு கேள்வி வரும். "இது நீ கேக்குறியா, அவங்க கேக்குறாங்களா?" அவங்க என்றால் உடனே நடக்கும் என்பது வேடிக்கை. தோசை கேட்டால்கூட அம்மா இதைக் கேட்பார். தம்பி பைக் கேட்டபோது, "எனக்கும் பேய் புடிச்சிருக்கு" என்று வந்து நின்று அடி வாங்கினான்.

நான் வேலைக்குப் போய் ஒரு வருடம் கழித்து ஒரு மாப்பிள்ளை அமைந்தது. நல்ல இடம்தான். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட வேண்டும் என்றார்கள். அன்று சாயங்காலம் அப்பா கைகால் கழுவி வந்து உட்கார்ந்ததும் அவர் முன்னால் போய் நின்றேன். கண்ணாடி, புள்ளி, சிரிப்பு ஒன்றும் துணைக்கு இல்லை.

"எனக்கு இந்த எடம் வேணாம்ப்பா."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "இத யாரு சொல்றது?"

"நான்தாம்ப்பா. அமுதா."

அப்பா எழுந்து டெலிபோன் பூத்துக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். மாப்பிள்ளை வீட்டில் சுலபமாக விடவில்லை போலிருக்கிறது. யார் சொல்லிக்கொடுத்து உங்கள் பெண் இப்படிப் பேசுகிறாள் என்று கேட்டிருக்க வேண்டும். அப்பா ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்:

"யாரும் சொல்லிக்குடுக்கலிங்க. எம் பொண்ணேதான் பேசுனா. நான் கேட்டு உறுதி பண்ணிக்கிட்டுத்தாங்க வந்தேன்."