நல்ல பார்ட்டி

சேக் முகைதீன் தட்டைத் துடைத்து வைத்ததுதான் தாமதம், எதிரே இருந்த சீனாக்காரர் இன்னொரு மீனைத் தூக்கி அதில் போட்டார்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்து விற்கிற மனிதருக்கு, ஹாங்காங் கடலில் மிதக்கிற ஓட்டலில் என்ன வேலை? தறி நின்றுபோனால் மனிதன் எங்கேதான் போகமாட்டான்! இந்த ஒரு ஆர்டர் விழுந்தால் தறி ஓடும். இல்லையென்றால் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்.

அக்காள் மகன் ஹமீது இங்கே ஒரு கடையில் வேலை பார்க்கிறான். அவன்தான் ஆளைப் பிடித்துக் கொடுத்தான்.

"நல்ல பார்ட்டி மாமு. பேண்டேஜ் துணின்னா அவருக்கு உசுரு. எனக்கு லீவு இல்ல. நீங்க சாப்பிட்டுக்கிட்டே பேசுங்க."

படகில் ஏற்றிவிட்டுப் போய்விட்டான். எதைப் பேசுவது? இவருக்குச் சீனம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் பொதுவான ஆங்கிலம் 'வெரி குட்' மட்டும்தான்.

தட்டில் பருக்கை மிஞ்சினால் வீட்டின் பரக்கத், அதாவது வளம், போய்விடும் என்று அத்தா அடித்து வளர்த்த பிள்ளை சேக் முகைதீன். அதனால் காலி செய்தார். காலித் தட்டைக் கண்டால் விருந்தாளிக்கு இன்னும் பசி என்று சீனாக்காரருக்கு எண்ணம். அதனால் போட்டார்.

சரி, மிச்சம் வைத்துப் பார்ப்போம் என்று பாதி இறாலோடு கையை எடுத்துக்கொண்டார். சீனாக்காரர் முகம் வாடிவிட்டது. பிடிக்கவில்லை என்று நினைத்து, தொட்டியில் நெளிந்த பெரிய நண்டைக் காட்டிச் சமைக்கச் சொன்னார்.

நண்டு ஆகாது என்று ஒதுக்குகிற குடும்பம். வேண்டாம் என்றால் ஆர்டர் போய்விடுமோ? சாப்பிடுமுன் இறைவன் பெயரைச் சொல்லும் பிஸ்மியைச் சொல்ல நாக்குக் கூசியது. நண்டைக் கடித்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. காரமாக்கும் என்று சீனாக்காரர் ஓடிப்போய்த் தண்ணீர் வாங்கிவந்தார்.

கடைசியில் சாம்பிள் துணியை எடுத்து நீட்டினார் சேக் முகைதீன்.

"வெரி குட்!" என்ற சீனாக்காரர், தன் பையிலிருந்தும் ஒரு பேண்டேஜ் துணித் துண்டை எடுத்து விரித்தார். இந்த ரகம்தான் வேண்டும் போலிருக்கிறது.

"வெரி குட்! வெரி குட்!" என்று தலையாட்டினார் சேக் முகைதீன்.

சீனாக்காரர் எழுந்துவந்து அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

உடனே ஊரில் தறியைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு டிரங்க் கால் பறந்தது.

"ஏலே கருத்தப்பாண்டி! தறிய ஓட்டு! மில்லு வேலைக்குப் போன நம்ம ஆளுக அம்புட்டுப் பேரையும் வேலைய விட்டுட்டு வரச் சொல்லு!"

"மில்லுல பொறவு சேத்துக்க மாட்டாகளே மொதலாளி?"

"இனி அங்க எதுக்குலே போகணும்?"

அவர் ஊர் திரும்பியபோது தெருவே தறிச் சத்தத்தில் அதிர்ந்தது. நெய்து கட்டிய துணிப் பேல்கள் கூரையை முட்டின. கருத்தப்பாண்டி தினமும் கேட்டான்.

"லாரி எப்ப வருது மொதலாளி?"

"வரும்லே."

லாரி வரவில்லை. ஹமீதின் போன்தான் வந்தது.

"மாமு, சீனாக்காரரு கடைக்கே வந்து நிக்காரு. நீங்க நல்ல பார்ட்டின்னு நம்பி, அவரும் நின்னு கெடந்த தன் தறியையெல்லாம் ஓட்டி, ராப்பகலா நெய்து அடுக்கிட்டாராம். உங்களுக்கு எத்தன பேல் அனுப்பணும்னு கேக்காரு."