போணிக்கு முன் வந்த ரிட்டன்

அன்று காலை கடையில் நான் இருந்தேன். என் மனைவி இருந்தாள். எதிர் டீக்கடைக்காரர் இருந்தார். ரிட்டன் அண்ணன் இருந்தார்.

வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பதில் அவரை மிஞ்ச பெங்களூரில் ஆள் கிடையாது. ஆஸ்பத்திரியில் இரவு வார்டு வேலை, ஒண்டிக்கட்டை. யாரோ போனில் சாமான் வாங்குகிற ஆப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதோடு எங்கள் ஸ்ரீராம்புரத்துக்குப் பிடித்தது சனி. மழை முழுக்க ஒரு ரெயின்கோட்டைப் போட்டுத் திரிந்துவிட்டுத் திருப்பினார். காரணம், ஈரமாக இருக்கிறதாம். ஆப்காரன் எடுத்துக்கொண்டான்.

அங்கேதான் கெட்டது. பாதி குடித்த டீயை ரிட்டன் என்றார். சலூனில் பாதித் தலை முடி வெட்டிய பிறகு கேன்சல் என்றார். தெருவே அவரைப் பார்த்து ரிட்டன் கேட்க ஆரம்பித்தது. ஆப்பில் திருப்பினால் நஷ்டம் எங்கேயோ முகம் தெரியாத வியாபாரி தலையில். இங்கே அந்தத் தலை என்னுடையது. செருப்புக் கடை. வாசலில் சாக்கடைக்கு வெட்டிய பள்ளம். பலகை மேல் நடந்து யார் வருவார்கள்? மூடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம்.

அப்போதுதான் வந்தார், என்னிடம் வாங்கிய தோல் செருப்போடு. அடியெல்லாம் சேறு. கடிக்கிறதாம். பணம் வேண்டுமாம்.

"போணி ஆவலணா. இப்ப துட்டு எடுத்துக் குடுக்க முடியாது."

"ஆப்புக்கு போணி இருக்கா?"

"ஆப்புக்குப் பொண்டாட்டி புள்ள இல்லணா."

கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். இரவு வேலை முடித்த கண், சிவந்து கிடந்தது. வெயில் ஏறியது. ஒருவரும் வரவில்லை. கடையில் இருப்பதிலேயே விலை குறைந்தது எது என்று கேட்டார். பாலிஷ் டப்பா என்றேன். ஒன்று வாங்கினார்.

"ஆச்சா போணி? இப்பக் குடு."

கொடுத்தேன். டீக்கடைக்காரர் சிரித்தார்.

மறுநாள் காலையும் வந்தார். சண்டைக்குத் தயாராக எழுந்தேன். கையில் எதுவும் இல்லை. ஒரு டப்பா வாங்கிக்கொண்டு போனார். அதற்கு மறுநாளும். பள்ளத்தை மூடும்வரை அவர்தான் போணி. மூடின பிறகு வரவில்லை. காலில் எப்போதும் ரப்பர் செருப்பு. அதற்கு எதற்குப் பாலிஷ்? தெருவில் பார்த்தபோது நானே சொன்னேன், டப்பாக்களைத் திருப்பிக் கொண்டு வாருங்கள், எடுத்துக்கொள்கிறேன் என்று.

கோபம் வந்துவிட்டது அவருக்கு.

"போணி பண்ணத எவனாவது திருப்புவானா? கடை வெச்சிருக்க, இதுகூடத் தெரியாதா உனக்கு?"

போன மாதம் அறையைக் காலி செய்து ஹெப்பகோடிக்குப் போனார். சாமான் தூக்கப் போனேன். தூக்க ஒன்றும் இல்லை. ஆப்பில் வாங்கியதெல்லாம் ஆப்புக்கே போயிருந்தது. ஒரு பாய், ஒரு குடம். ஜன்னலில் பாலிஷ் டப்பாக்கள், ஒன்றுகூடத் திறக்காமல். பையில் நானே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன்.

பத்தொன்பது.