களியில் பால் ஊற்றியவன்

பால் கடத்துபவர்கள் என்று ஓர் இனம் உண்டு. போலீஸ் தேடுகிற கடத்தல்காரர்கள் அல்ல. இவர்கள் பக்கத்து வீட்டில், சமயத்தில் நம் வீட்டிலேயே, லுங்கி கட்டிக்கொண்டு பகிரங்கமாக நடமாடுகிறவர்கள். குழந்தை நடக்கப் பழகி, 'வேணா' என்ற சொல்லைக் கற்றுக்கொண்ட அன்று இந்த இனம் பிறக்கிறது. அடையாளம் காண்பது சுலபம். கையில் ஒரு டம்ளர் இருக்கும். அந்த டம்ளர் கட்டிலுக்கு அடியிலும், கதவுக்குப் பின்னாலும், வாசல்படியிலும், எதிர்வீட்டு நாய் படுத்திருக்கும் இடத்திலும், குழந்தை எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் கூடவே போகும். நாலு எட்டுக்கு ஒருமுறை அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். குறைந்திருக்காது. ஆறியிருக்கும். ஆடை படிந்திருக்கும். மறுபடி சூடு பண்ண அடுப்படிக்குப் போவார்கள்.

பொதுவாகச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஏற்காட்டுக்கு வாருங்கள், ஓர் ஆளையே பிடித்துக் காட்டலாம். பெயர் பொன்னுவேல். மஞ்சக்குட்டைக்குப் போகிற ரோட்டில் வீடு. சொந்தமாக ஒரு டூரிஸ்ட் கார் ஓட்டுகிறான். மனைவி சுகுணாவுக்கு ஒரு ஹோட்டலில் ரிசப்ஷன் வேலை.

பொன்னுவேலின் தொழிலை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு, வியூ பாயிண்ட் வியூ பாயிண்டாகக் காட்டிவிட்டு வருவது அவன் வேலை. பாதி நாள் மலையில் மேகம் இறங்கிவிடும். எதிரே நிற்கிற ஆளின் மூக்கு தெரியாது. அதற்கெல்லாம் பொன்னுவேல் அசருவானா? "அதோ பாருங்க சார், அங்கதானுங்க மேட்டூர் டேமு. இப்படிக் கொஞ்சம் தள்ளிப் பாருங்க, சேலம் டவுனு அப்படியே தட்டுல வெச்சாப்பல தெரியும்" என்று வெறும் வெள்ளையைக் கைநீட்டிக் காட்டுவான். அதிசயம் என்னவென்றால், வந்தவர்களும் "ஆமாமா, தெரியுது" என்பார்கள். போட்டோ கூட எடுத்துக்கொள்வார்கள். இப்படி இல்லாததைக் காட்டி ஊர் உலகத்தையே சமாளித்தவனால், பெற்ற மகள் ஒருத்தியைச் சமாளிக்க முடியவில்லை.

மகள் பெயர் காவேரி. சேர்வராயன் கோயில் குகையில் சேர்வராயனுக்குப் பக்கத்தில் இருக்கிற அம்மனின் பெயர். இரண்டு வயது தாண்டிவிட்டது. ராகிக் களி என்றால் உயிர். சின்ன உருண்டையாகப் பிடித்து, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில் முக்கி வாயில் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள். கெட்டித் தயிரை விரலால் வழித்து நக்குவாள். முருங்கைக்கீரைக்கு மூஞ்சி சுளிக்காத குழந்தையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அவள்தான் அது. பால் ஒன்றுதான் ஆகாது. பால் டம்ளர் வந்தால், பந்த் அன்றைக்குக் கடை ஷட்டரை இறக்குவது போல உதட்டை இறக்கிவிடுவாள்.

இதனால் யாருக்கு என்ன கெட்டுப்போனது? ஒன்றுமில்லை. குழந்தை ஓடியது, விழுந்தது, எழுந்தது, எதிர்வீட்டு நாயின் வாலைப் பிடித்து இழுத்தது. பொன்னுவேலும் நிம்மதியாகத்தான் இருந்தான், சேலத்திலிருந்து அக்கா பழனியம்மாளின் போன் வருகிற வரைக்கும்.

"ஏண்டா தம்பி, புள்ள பாலே குடிக்கறதில்லையாமா? அப்புறம் எலும்புக்குக் கால்சியம் எங்கிருந்துடா வரும்? நாளைக்கு ஓடியாடற வயசுல காலு கீலு சடக்குன்னு போச்சுன்னா என்னடா பண்ணுவ?"

கேட்டுவிட்டு அக்கா டிவி பார்க்கப் போய்விட்டாள். பொன்னுவேலுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அன்று அந்த வீட்டுக்குள் நுழைந்த கால்சியம் என்ற சொல், லீவுக்கு வந்த மச்சான் மாதிரி, கிளம்புகிற வழியாகவே இல்லை. காரில் ஏறுகிற குடும்பங்களின் பிள்ளைகளைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, எந்தப் பிள்ளையின் முழங்கால் எவ்வளவு தடிமன் என்று மனசுக்குள் அளக்க ஆரம்பித்தான். வந்து தன் மகள் முழங்காலைத் தடவிப் பார்ப்பான். அவளுக்குக் கூச்சத்தில் சிரிப்பு வரும். அவனுக்கு அழுகை வரும்.

இனி இந்த இனத்தின் வழிமுறைகளைப் பார்ப்போம். முதலில் வருவது கெஞ்சல். பக்கத்து ஊர் வாழவந்தியிலிருந்து கறந்த பால் வந்தது. பனங்கற்கண்டு வந்தது, மஞ்சள்தூள் வந்தது, பாதாம்தூள் வந்தது, சாக்லேட் தூள் வந்தது. வெள்ளை டம்ளர் போய்ச் சிவப்பு டம்ளர் வந்தது, சிவப்பு போய், உறிஞ்சினால் விசில் அடிக்கிற டம்ளர் வந்தது. காவேரி விசிலை மட்டும் அடித்தாள். அடுத்தது வேடிக்கை காட்டல். இதில்தான் நம் ஆள் கெட்டிக்காரன் ஆயிற்றே? மேகம் இறங்கிய ஒரு காலையில் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையில் டம்ளரோடு, ரோட்டோரம் போய் நின்றான்.

"கண்ணு, அதோ பாரு யானை! எத்தாச்சோடு பெரிய யானை பாரு! வாயத் தொற சாமி."

காவேரி பார்த்தாள். வெள்ளையாக இருந்தது.

"இல்ல" என்றாள்.

"இருக்குதுடா தங்கம். நல்லாப் பாரு, தும்பிக்கை தெரியுது."

"இல்ல. பனி" என்றாள், உதட்டு ஷட்டரை ஒரு விரல் அளவுக்கே திறந்து, உடனே மூடிக்கொண்டு. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற படித்த மனிதர்கள் ஒருவர்கூட இதுவரை அவனிடம் இப்படிச் சொன்னதில்லை. பொன்னுவேல் ஆறிப்போன பாலைத் தானே குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினான்.

கெஞ்சலும் வேடிக்கையும் தோற்றால் வருவதுதான் கடத்தல். நேர்வழியில் போகாததை ஒளித்துக் கொண்டுபோவது. தோசை மாவில் பால் போனது. உப்புமாவில் போனது. ஒருநாள் சுகுணா தட்டில் ரசத்தை ஊற்றிவிட்டுத் திகைத்து நின்றாள்.

"ஏனுங்க, ரசம் ஏனுங்க இப்படி வெளுத்திருக்குது?"

"ரெண்டு கரண்டி பால் ஊத்தியிருக்கேன். வாசமே வராது பாரு."

"ரசத்துலயாங்க? உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"உனக்குப் புள்ளையோட எலும்பு முக்கியமா, ரசம் முக்கியமா?"

சுகுணா ரசத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். "என்னமோ பண்ணித் தொலைங்க. களியில மட்டும் கைய வெச்சராதீங்க. அது ஒண்ணுதான் அவ நொம்ப ஆசையாத் திங்கறா" என்றாள்.

கையை வைக்காதே என்று சொன்ன பிறகு ஒருவன் சும்மா இருப்பானா? அந்த ஞாயிற்றுக்கிழமை சுகுணாவுக்கு டியூட்டி. பொன்னுவேல் சவாரி போகவில்லை. அடுப்பில் சட்டியை வைத்தான். ராகியில் கால்சியம், பாலில் கால்சியம், இரண்டும் சேர்ந்தால் மகள் மலையையே தூக்குவாள் என்று கணக்குப் போட்டு, களிக்கு உலை வைக்க வேண்டிய தண்ணீருக்குப் பதிலாகப் பாலைக் காய்ச்சி, அதில் உப்பைப் போட்டு, மாவைக் கொட்டி, துடுப்பால் கிண்டி, உருண்டை பிடித்து, அதன் தலையில், சொன்னால் நாக்கு கூசுகிறது, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை ஊற்றினான். சேலம் ஜில்லாவில் இதற்குத் தண்டனை எழுதி வைக்காதது சட்டத்தின் குறைதான்.

காவேரி ஆசையாக வாயைத் திறந்தாள். அப்பன் கையிலிருந்து முதல் கவளம் உள்ளே போனது. அவள் மெல்வதை நிறுத்தினாள். நிமிர்ந்து அப்பனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நீயா, என்கிற ஆச்சரியம்தான் இருந்தது. அப்புறம் எல்லாவற்றையும் மெதுவாக அவன் உள்ளங்கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மறுநாள் சுகுணா தண்ணீர் வைத்து ஒழுங்காகக் கிண்டிய களியைக் கொண்டுவந்தாள். காவேரி மூக்கை அருகே கொண்டுபோய் முகர்ந்தாள். "வேணா." தயிர்? வெள்ளையாக இருக்கிறது, வேணா. இட்லி? அதுவும் வெள்ளை, வேணவே வேணா. கீரை, பருப்பு, கருவாடு, எள்ளுருண்டை எல்லாவற்றின் மேலும் சந்தேகம் விழுந்துவிட்டது. சீல் உடையாத சரக்கை மட்டும்தான் ஏற்றுக்கொள்வாள். தோல் உரிக்காத மலை வாழைப்பழம். உரிக்காத ஆரஞ்சு. அதையும் தன் கண் முன்னால் உரிக்க வேண்டும். ஊர் ஜனங்கள் "ஐயோ, என்ன சமத்து!" என்று மெச்சினார்கள். வீட்டில் இருவரும் வாழைப்பழத் தோலை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

வாரம் ஒன்று போனது. குளிப்பாட்டும்போது சுகுணா கூப்பிட்டாள். "ஏனுங்க, இங்க வந்து பாருங்க." குழந்தையின் இடுப்பில் நின்றுகொண்டிருந்த அரைஞாண் கயிறு தொளதொளவென்று இறங்கித் தொடையில் கிடந்தது. பொன்னுவேல் அதை மேலே இழுத்துவிட்டான். மறுபடி இறங்கியது. எலும்பு முறியுமே என்று பயந்து பயந்து, எலும்பு தெரிகிற அளவுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டோமே என்று நினைத்தான். அப்படியே ஈரத்தோடு மகளைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டான்.

ஏற்காட்டில் குழந்தைகளைப் பார்க்கிற டாக்டர் ரம்யா அதிகம் பேசமாட்டார். எடை பார்த்தார், கண்ணைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"முன்னாடி என்ன சாப்பிட்டுட்டு இருந்தா?"

"களிங்க, தயிருங்க, கீரைங்க, நெத்திலிங்க, எள்ளுருண்டைங்க" என்றாள் சுகுணா.

"எல்லாத்துலயும் கால்சியம் இருக்கே. அப்புறம் எதுக்குப் பால் பாலுன்னு தொரத்துனீங்க?"

பொன்னுவேல் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தைக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தான்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லைங்க. பயந்துபோயிருக்கா. இனிமே எதையும் ஒளிக்காதீங்க, வற்புறுத்தாதீங்க. அவ பாக்க சமைங்க, அவ பாக்க நீங்க சாப்பிடுங்க. ரெண்டு நாள் கழிச்சுக் கூட்டிட்டு வந்து காட்டுங்க."

திரும்பி வருகிற வழியெல்லாம் சுகுணா ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டிய பெண்டாட்டி திட்டாமல் வருவது எவ்வளவு பெரிய தண்டனை என்று கல்யாணமானவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, "தப்புதான் புள்ள" என்றான். "தப்புன்னு எங்கிட்டச் சொல்லி என்ன? அவகிட்டச் சொல்லுங்க" என்று சுகுணா இறங்கிப் போனாள்.

சொன்னால் புரிகிற வயதா? செய்துதான் காட்ட வேண்டும். பொன்னுவேல் அடுப்புக்குச் சற்றுத் தள்ளி மகளை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தான். செம்பைக் காட்டினான்: "தண்ணி, கண்ணு." அவள் எட்டிப் பார்த்தாள். மாவைக் காட்டினான். முகர்ந்தாள், தும்மினாள். உப்பை நக்கிப் பார்த்தாள். அடிவாரத்து செக்போஸ்டில் வண்டியைச் சோதிக்கிறவர்கள்கூட இத்தனை கறாராக இருந்ததில்லை. கிண்டி இறக்கித் தன் தட்டில் ஓர் உருண்டையை வைத்து, குழம்பை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தான். கூப்பிடவில்லை. வேடிக்கை காட்டவில்லை. யானை வரவில்லை.

"அப்பா தின்னு" என்றாள் காவேரி.

தின்றான். "இன்னொன்னு." அதையும் தின்றான். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து நாயைத் தேடிப் போய்விட்டாள். சாயங்காலமும் அதே கதை. மறுநாள் காலையும் அதே. பொன்னுவேலின் வயிறு மேளம் மாதிரி ஆனது. மகளுடையது ஒட்டியே கிடந்தது. மத்தியானம் மறுபடி சட்டியை அடுப்பில் ஏற்றினான். இன்றைக்கும் வேணா என்றால் என்ன செய்வது?

தட்டின் முன்னால் உட்கார்ந்தான். காவேரி வந்து எதிரே குந்தினாள். அவன் உருண்டையிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்தாள். இரண்டாக்கி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாள். ஒரு பாதியை அப்பன் வாயில் திணித்தாள். அவன் விழுங்குகிற வரைக்கும் காத்திருந்தாள். அப்புறம் மறு பாதியைக் குழம்பில் தொட்டுத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"நல்லா..." என்று பொன்னுவேல் வாயெடுத்தான். பின்னாலிருந்து சுகுணா முதுகில் நறுக்கென்று கிள்ளினாள். வாயை மூடிக்கொண்டான். காவேரி மென்றாள், விழுங்கினாள், அடுத்த துண்டுக்குக் கை நீட்டினாள். பொன்னுவேலின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. "அப்பாக்குக் காரம்" என்று காவேரி அம்மாவிடம் விளக்கம் சொன்னாள்.

அடுத்தடுத்து தயிர் வந்தது, கீரை வந்தது, நெத்திலியும் எள்ளுருண்டையும் வந்தன. எதிர்வீட்டு நாய் மறுபடி வாலைச் சுருட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கியது. பொன்னுவேல் திருந்திவிட்டான். எவ்வளவு திருந்திவிட்டான் என்றால், இப்போது காரில் ஏறுகிற குடும்பங்களிடம் மேட்டூர் டேமைக் காட்டிய கையோடு, "புள்ளைக்குக் களி குடுங்க சார், எதையும் ஒளிச்சு மட்டும் குடுத்தராதீங்க" என்று கேட்காமலே உபதேசம் செய்கிறான். கேட்காமலே உபதேசம் செய்கிற அந்த இனத்தைப் பற்றி இன்னொரு நாள் முழுக்கத் திட்டலாம், இன்றைக்கு விட்டுவிடுவோம்.

அவ்வளவுதான். குழந்தை வயிறாரச் சாப்பிடுகிறது, மறுபடி கூட்டிப்போய்க் காட்டியபோது டாக்டரம்மா சிரித்தார், சுகுணா மறுபடி வாயாரத் திட்டுகிறாள். எல்லாம் சுபம். ஆனாலும் உங்கள் முகத்தில் ஏதோ ஒரு குறை தெரிகிறதே? தொண்டை வரைக்கும் வந்து நிற்கிறதை ஏன் முழுங்குகிறீர்கள், கேட்டுவிடுங்கள். "அதெல்லாஞ் சரிங்க, கடைசியில அந்தப் புள்ள பால் குடிச்சுதா, இல்லையா?" இதைத்தானே கேட்க வந்தீர்கள்? அப்படியென்றால் உங்கள் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா என்று சொல்லுங்கள். இன்றைக்கு ரசத்தை முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிடச் சொல்லி அதற்குத் தகவல் அனுப்ப வேண்டும்.